பெட்டியில் 6000, திரையில் 4800: ரேம் வேகம் எங்கே முடிவாகிறது?

புது கம்ப்யூட்டரைத் தானே பூட்டி முடித்த அன்று இரவு, அக்கா மகன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். வேகம் என்ற இடத்தில் 4800 என்று இருந்தது. அவன் வாங்கிய ரேம் பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். "மாமா, டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்களா?" என்று கீழே கேட்டிருந்தான்.

ரேம் அசல்தான். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற ஒரு வரியை இயக்கியதும் 6000 வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வரி தெரியாமல், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு பக்கம், தங்கள் ப்ராசஸர் தாங்காத 8000 ரேமை ஆசையாக வாங்கிவிட்டு, கம்ப்யூட்டர் நடுவில் நின்று நின்று போவதால் தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். பெட்டியில் போட்டிருக்கும் எண், அந்த ரேம் எவ்வளவு ஓடும் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு ஓடும் என்பதை ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், மதர்போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மூன்றில் எது முதலில் திணறுகிறதோ, அது நிற்கும் இடம்தான் உங்கள் வேகம். அதனால் ரேம் தேர்வை ப்ராசஸரிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடலாம். 6000 மெகாஹெர்ட்ஸ் என்று பேச்சில் சொல்கிறோம், பல பெட்டிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அந்த ரேமின் கிளாக் ஓடுவது 3000 மெகாஹெர்ட்ஸில். கிளாக் ஒருமுறை ஏறும்போது ஒரு தரவு, இறங்கும்போது இன்னொரு தரவு. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால்தான் டிடிஆர், அதாவது டபுள் டேட்டா ரேட் என்று பெயர். ஆக, 6000 என்பது வினாடிக்கு 6000 மெகாடிரான்ஸ்ஃபர். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் இந்த அலகிலேயே காட்டத் தொடங்கிவிட்டன. சிபியு-இசட் போன்ற மென்பொருளில் 3000 என்று பார்த்துவிட்டுப் பாதி வேகம்தான் கிடைக்கிறது என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், 4800 எங்கிருந்து வந்தது? ரேமுக்கான பொதுத் தரங்களை ஜெடெக் என்ற அமைப்பு வகுக்கிறது. டிடிஆர்4 தரம் 2012-இலும் டிடிஆர்5 தரம் 2020-இலும் வந்தன. ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மதர்போர்டு அந்தச் சிப்பைப் படித்து, அதில் எழுதியிருக்கும் ஜெடெக் வேகத்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். எங்கே பூட்டினாலும் உயிர் வர வேண்டும் என்பதற்கான பத்திரமான வேகம் இது. டிடிஆர்5 ரேம்களில் பெரும்பாலும் 4800 அல்லது 5600, டிடிஆர்4-இல் 2133, 2400, 2666, 3200 என்று இருக்கும். பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் வேகம் அதே சிப்பில் தனி ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். இன்டெல் 2007-இல் கொண்டுவந்த ஏட்டுக்கு எக்ஸ்எம்பி என்று பெயர். ஏஎம்டி 2022-இல் டிடிஆர்5-க்காகக் கொண்டுவந்தது எக்ஸ்போ. இந்த ஏட்டை நாம்தான் பயாஸில் இயக்க வேண்டும், தானாக நடக்காது. என் அக்கா மகனுக்கு நேர்ந்தது இவ்வளவுதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ப்ராசஸர் நிறுவனங்களின் கணக்கில் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதி கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஜெடெக் டிடிஆர்5-இன் மின்னழுத்தம் 1.1 வோல்ட், எக்ஸ்போ ஏட்டில் 1.35 வோல்ட் என்று இருப்பது சாதாரணம். இதனால் வரும் சேதத்தை உத்தரவாதத்துக்கு வெளியே வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி வகை ப்ராசஸர்கள் சில கருகிய செய்திகள் வந்தபோது, எக்ஸ்போவோடு சேர்ந்து ஏறிய எஸ்ஓசி மின்னழுத்தத்தை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் புதிய பயாஸ் வழியாக ஏஎம்டி கட்டிப்போட்டது. நான் எக்ஸ்போ போடாமல் இருப்பதில்லை. ஆனால் பயாஸைப் புதுப்பிக்காமல் போடுவதும் இல்லை.

சரி, ப்ராசஸருக்கு வருவோம்.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்பதில் பல நேரம் நமக்குத் தேர்வே கிடையாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளில் ப்ராசஸர் இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும், வாங்கும்போது மாடல் பெயரைக் கூர்ந்து பாருங்கள். அதற்கடுத்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு டிடிஆர்5 மட்டுமே. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள்தான் என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மாற்றிப் போட்டால் உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

நிறுவனம் உறுதி கொடுக்கும் வேகம் ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறும். ரைசன் 5000-க்கு 3200. ரைசன் 7000-க்கு 5200, ரைசன் 9000-க்கு 5600. இன்டெல் 12-ஆம் தலைமுறையின் மேல்வகைகளுக்கு டிடிஆர்5-இல் 4800, 13, 14-இன் மேல்வகைகளுக்கு 5600. இவை கண்ணை மூடிக்கொண்டு ஓடும் வேகங்கள். நடைமுறையில் இதற்கு மேலேயும் போகலாம். எவ்வளவு மேலே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ரைசன் ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலருக்கு என்று ஒரு கிளாக் உண்டு. ரேமின் கிளாக்கும் இந்தக் கிளாக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று கைகோத்து ஓடும்வரை தரவு தடையில்லாமல் போய்வரும். 6000 ரேமில் ரேம் கிளாக் 3000, கன்ட்ரோலரும் 3000. ஏஎம்5-இல் ஏறக்குறைய எல்லா ப்ராசஸரும் இதைத் தாங்கிவிடும். 6400 என்றால் இரண்டும் 3200-இல் ஓட வேண்டும், அது உங்கள் கைக்கு வந்த சிலிக்கானின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதற்கும் மேலே போனால் மதர்போர்டு கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். 7200 ரேம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ரேம் கிளாக் 3600-இல் பறக்கும், கன்ட்ரோலரோ 1800-இல் நடக்கும். அதிகக் காசு கொடுத்து வாங்கிய ரேம், பல வேலைகளில் 6000 ரேமைவிடப் பின்தங்கிப் போகும். ரைசன் 7000 வந்தபோதே 6000-தான் தோதான வேகம் என்று ஏஎம்டி சொன்னதற்குக் காரணம் இதுதான். பழைய ஏஎம்4-இலும் இதே கதைதான், எண்தான் வேறு. அங்கே ப்ராசஸரின் பாகங்களை இணைக்கும் உள்ளிணைப்பு பெரும்பாலும் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்பதால் 3600 ரேம் பொருத்தமாக இருந்தது.

இன்டெலில் இந்த விகிதத்துக்கு கியர் என்று பெயர், 11-ஆம் தலைமுறையோடு வந்தது. கியர் 1-இல் இரண்டும் ஒரே வேகம், கியர் 2-இல் கன்ட்ரோலர் பாதி. அவர்களுடைய டிடிஆர்5 கன்ட்ரோலர் தொடக்கம் முதலே கியர் 2-இல் ஓடும்படி அமைந்தது. அதனால் 6000-ஐத் தாண்டியதும் திடீரென்று சரிகிற பள்ளம் அங்கே இல்லை. நல்ல போர்டும் இரண்டே ஸ்டிக்கும் இருந்தால் 6400, 6800, 7200 என்று ஏறலாம். கோர் அல்ட்ரா 200எஸ்-க்கு சியூடிம் என்ற புதுவகை ஸ்டிக் வந்திருக்கிறது. கிளாக் சிக்னலைச் சுத்தப்படுத்தித் தரும் சிப் ஒன்று ஸ்டிக்கிலேயே இருக்கும், அதனால் அதற்கு இன்டெல் 6400 வரை உறுதி தருகிறது. ரைசன் வைத்திருப்பவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து சிஎல். சிஎல்30, சிஎல்36, சிஎல்40 என்று ரேமில் ஒட்டியிருப்பது, ஒரு தரவைக் கேட்ட பிறகு எத்தனை கிளாக் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. துடிப்பின் நீளம் ரேமுக்கு ரேம் மாறும் என்பதால் சிஎல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. நானோ வினாடிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 3200 சிஎல்16 என்றால் 10 நானோ வினாடி. 3600 சிஎல்18, அதுவும் 10. 6000 சிஎல்30, மறுபடியும் 10. 20 வருடங்களுக்கு முன்னால் நல்ல ரேம் என்று பெயர் வாங்கிய டிடிஆர் 400 சிஎல்2-ஐப் போட்டுப் பாருங்கள், அதே 10. எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான். ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு வரும் அளவு பல மடங்கு பெருகியிருக்கிறது, முதல் கைப்பிடி வந்து சேரும் நேரம் அசையவில்லை.

இந்தக் கணக்கு கடையில் கைகொடுக்கும். 6000 சிஎல்40 ரேமுக்கு 13.3 நானோ வினாடி, 5600 சிஎல்36-க்கு 12.9. இரண்டாவதன் எண் சின்னதாக இருந்தாலும் ஏமாற்றம் எதுவும் இல்லை. எதையும் இயக்காமல் விட்ட 4800 சிஎல்40-க்கு 16.7 நானோ வினாடி. அக்கா மகனின் கம்ப்யூட்டர் அன்று மாலை முழுக்க இப்படித்தான் ஓடியது. ஆனால் சிஎல் மட்டுமே மொத்தத் தாமதம் ஆகிவிடாது. ப்ராசஸர் கேட்டு ரேமிலிருந்து தரவு வந்து சேர மொத்தத்தில் 60, 70 நானோ வினாடிக்கு மேல் ஆகும், சிஎல் அதில் ஒரு பங்கு. அதனால் சிஎல்30-க்கும் சிஎல்28-க்கும் இடையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அள்ளும் அளவுக்கும் கணக்கு எளிதுதான். ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே தரவு போய்வரும் பாதைக்குச் சேனல் என்று பெயர். ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 6000-ஐ 8-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 48 ஜிபி. இரண்டு சேனலுக்கு 96 ஜிபி. 3200 டிடிஆர்4-க்கு இரண்டு சேனலிலும் சேர்த்து 51.2 ஜிபி. இதிலேயே இன்னொன்றும் தெரிகிறது. 32 ஜிபி ஸ்டிக் ஒன்றே ஒன்றைப் போட்டு, பிறகு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதுவரை பாதி அகலத்தில்தான் ஓடும். 6000 ரேம் ஒற்றையாக இருந்தால், ஜோடியாக இருக்கும் 3200 டிடிஆர்4-ஐவிடக் குறைவாகவே அள்ளும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள்.

8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கை இரண்டாக வாங்குவதையும் நான் தடுப்பேன். அதில் அகலமான சிப்கள் நான்கு மட்டும் இருக்கும். அவ்வகைச் சிப்பில் பேங்க் குரூப்கள், அதாவது தரவு வைக்கும் தனித்தனிப் பிரிவுகள், பாதிதான், ஒன்று வேலையாக இருக்கும்போது இன்னொன்றிலிருந்து எடுக்கும் வாய்ப்பு குறைகிறது. பெட்டியில் வேகம் ஒன்றாகவே இருந்தாலும் 16 ஜிபி ஸ்டிக்கின் அளவுக்கு அது ஓடாது.

இப்போது நான்கு ஸ்லாட் விவகாரம். அதிகமானவர்கள் ஏமாந்து நிற்கும் இடம் இது. மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, அடுத்த வருடம் இரண்டு என்று திட்டம் போடுகிறார்கள். டிடிஆர்3 காலத்தில் அது நடந்தது. டிடிஆர்5-இல் ரைசன் 9000-க்கு ஏஎம்டி கொடுக்கும் உறுதியைப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக்குக்கு 5600, நான்கு ஸ்டிக்குக்கு 3600. சிலருக்கு நான்கிலும் 6000 ஓடுகிறது, பலருக்கு ஓடுவதில்லை. இன்டெலிலும் நான்கு போட்டால் உறுதி இறங்கும்.

காரணம் கம்பிகளில் இருக்கிறது. நான்கு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான், ஒரு சேனலின் கம்பியில் இரண்டு ஸ்லாட் தொங்குகிறது. பெரும்பாலான போர்டுகளில் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு அடுத்ததில் போய் முடியும். ஸ்டிக்கை முதல் ஸ்லாட்டில் போட்டு, கடைசியை மொட்டையாக விட்டால், அந்த முனையில் சிக்னல் மோதித் திரும்பும், கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல. திரும்பி வருவது அடுத்து வரும் பிட்டோடு கலந்து குழப்பும். அதனால்தான் இரண்டு ஸ்டிக்கை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்கிறார்கள். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். நான்கையும் நிரப்பினால் கன்ட்ரோலருக்குச் சுமை இரட்டிப்பு, எதிரொலியும் கூடும்.

64 ஜிபி வேண்டுமா, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு. 96 வேண்டுமா, 48 ஜிபி ஸ்டிக் இரண்டு. 32, 48 ஜிபி ஸ்டிக்குகள் பெரும்பாலும் இரட்டை ராங்க், அதாவது இரண்டு அடுக்குச் சிப்கள். அவை கன்ட்ரோலருக்குக் கொஞ்சம் கூடுதல் சுமைதான், இருந்தாலும் நான்கு ஸ்டிக்கின் தொல்லை இல்லை. எப்போதும் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதையே வாங்குங்கள். அதே மாடலை ஆறு மாதம் கழித்து வாங்கினால், உள்ளே வேறு நிறுவனத்தின் சிப் இருக்கக்கூடும். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான் பெரும்பாலும் சிப் செய்கிறார்கள், வெளிப்பட்டை ஒன்றாக இருந்தாலும் உள்ளே மாறும். வேறு வேறு ஸ்டிக்குகளைக் கலந்தால், இரண்டுக்கும் ஒத்துவரும் தாழ்ந்த வேகத்தில்தான் ஓடும், சில நேரம் அதுகூட ஓடாது.

மதர்போர்டுக்குப் பெரிய கதை இல்லை. அந்த மாடலின் பக்கத்தில், நிறுவனம் சோதித்த ரேம்களின் பட்டியல் இருக்கும், கியூவிஎல் என்பார்கள். உங்கள் ரேமின் முழு மாடல் எண் அதில் இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் ஓடாது என்று அர்த்தமில்லை. பட்டியலில் எத்தனை ஸ்டிக்கோடு சோதித்தார்கள் என்ற கட்டத்தையும் பாருங்கள், பலர் அதைப் பார்ப்பதில்லை. இன்டெலின் அடிமட்ட சிப்செட் போர்டுகள் ப்ராசஸரின் உறுதி வேகத்துக்கு மேல் ரேமை ஓட்ட விடாது. அப்படிப்பட்ட போர்டில் 6400 ரேம் வீண்.

இவ்வளவு பார்த்து வாங்கும் வேகத்தால் என்ன கிடைக்கும்? செய்யும் வேலையைப் பொறுத்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸரில் உள்ள கிராபிக்ஸையே நம்புகிறவருக்கு ரேம் வேகம் உயிர்நாடி, ஏனென்றால் அந்த கிராபிக்ஸுக்கு அதுதான் வீடியோ மெமரி. கம்ப்யூட்டரிலேயே மொழி மாடல்களை ஓட்டுகிறவருக்கும் அப்படியே. 10 ஜிபி மாடல் ஒன்று ஒவ்வொரு சொற்துண்டுக்கும் மொத்த 10 ஜிபியையும் ரேமிலிருந்து படிக்கிறது என்றால், 96 ஜிபி வேகத்தில் வினாடிக்கு 10 துண்டைத் தொடாது, 51.2-இல் 5-தான். நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்து 4கே திரையில் விளையாடுகிறவருக்கு 5600-க்கும் 6000-க்கும் வித்தியாசம் கண்ணில் படாது, தடை கார்டில் இருக்கிறது. 7800எக்ஸ்3டி போல 96 எம்பி கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரி) உள்ள ப்ராசஸர், பாதி நேரம் ரேமைத் தேடியே போகாது. எழுத்து வேலை, இணையம், கணக்கு வழக்கு என்றால் வேகத்தைவிடக் கொள்ளளவுதான் முக்கியம். ரேம் போதாமல் எஸ்எஸ்டியைத் தேடிப் போகும் கம்ப்யூட்டரை எந்த மெகாஹெர்ட்ஸும் காப்பாற்றாது.

யாராவது இப்போது என்னைக் கேட்டால், ஏஎம்5-க்கு 6000 சிஎல்30, எக்ஸ்போ போட்டது, இரண்டு ஸ்டிக் என்று யோசிக்காமல் சொல்வேன். விலை இடித்தால் சிஎல்36. இன்டெலுக்கு 6000 முதல் 6400 வரை. ஏஎம்4-க்கு 3600 சிஎல்18, அல்லது 3200 சிஎல்16.

பூட்டி முடித்து முதல்முறை ஆன் செய்யும்போது திரை கருப்பாகவே இருக்கும். டிடிஆர்5-இல் மதர்போர்டு ஒவ்வொரு கம்பியின் நேரத்தையும் அளந்து சரிசெய்துகொள்ளும், மெமரி டிரெயினிங் என்று பெயர். சில நிமிடம் பிடிக்கும், பெரிய ஸ்டிக் என்றால் இன்னும் கூடும். போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பழுது என்று நினைத்து அந்த நேரத்தில் பவரை அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது காத்திருங்கள். முதலில் எக்ஸ்போ போடாமல் விண்டோஸ் வரை போய்வாருங்கள், பயாஸைப் புதுப்பியுங்கள், அதற்குப் பிறகு எக்ஸ்போ. வேகம் ஒத்துவராவிட்டால் போர்டே சில முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்பும், திரும்பவில்லை என்றால் பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் சிமாஸை அழித்துவிடலாம்.

விண்டோஸ் ஓடிவிட்டது என்பதை வைத்து ரேம் நிலையாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பிழையுள்ள ரேம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும், என்றோ ஒருநாள் திறக்காத புகைப்படமாகத் தலைகாட்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். 5800, 5600 என்று இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அக்கா மகனையும் மறுநாள் இரவு இதைச் செய்ய வைத்தேன். காலையில் வந்த படத்தில் நான்கு சுற்றும் முடிந்து, பிழை 0 என்று இருந்தது. இனி கேஸின் பக்கவாட்டு மூடியைத் திருகிவிடலாம் என்று பதில் போட்டேன்.